இரவும் ஒலியும்

‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இரகசியத்தைக் காத்துக்கொள்ள வழி சொல்வதே அதன் நோக்கம். ஆயினும் அதனுள்ளே பௌதிக உண்மை ஒன்றும் பொதிந்து கிடக்கிறது. பகலில் நாம் பேசும் பேச்சு அருகில் இருப்பவன் காதில்தான் விழும். அவனைக் கண்ணால் கண்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இரவில் பேசும் பேச்சோ நம் பார்வைக்கு எட்டாத இடத்தில் இருப்பவன் காதிலும் சென்று விழுந்துவிடுகிறது. பேசுபவர் அவரே, குரலும் அதே குரல்தான். அப்படியிருக்க, பொழுது சாய்ந்தபின் அக்குரலுக்கு இத்துணை வன்மை எங்கிருந்து வருகிறது?

கல்லூரி மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். சிலர், “இரவில் காற்றின் நிலை மாறுகிறது, அதனால் ஒலி வன்மையுடன் வருகிறது” என்பர். வேறு சிலர், “ஒலி மாறுவதில்லை, சுற்றிலும் அமைதி நிலவுவதால் நமக்குத்தான் அது பெரிதாகத் தோன்றுகிறது” என்பர். ஒரு சாரார் காற்றைக் காரணம் காட்டுகின்றனர். மற்றொரு சாரார் காதைக் காரணம் காட்டுகின்றனர். இவ்விரண்டையும் வேறு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கு யாது என்று அறிந்துகொள்ள மனித இனத்திற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கேள்வியை முதலில் எழுதிவைத்தவர்களுள் கிரேக்கர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘பிரச்சினைகள்’ என்ற நூலில், பகலைவிட இரவில் நன்றாகக் காது கேட்பது ஏன் என்ற வினா இடம்பெற்றுள்ளது. கிறிஸ்து பிறப்பதற்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அனக்சாகரஸ் என்னும் தத்துவ அறிஞர் இதற்குக் கூறிய விடையும் அங்கே காணப்படுகிறது. பகலில் கதிரவனின் வெப்பத்தால் காற்று அதிர்ந்து சீறுகிறது. அந்தச் சீறல் மற்ற ஒலிகளைக் கெடுக்கிறது. இரவில் அச்சீறல் அடங்கிவிடுவதால் ஒலிகள் தெளிவாகக் கேட்கின்றன என்பது அவர் கருத்து. பலகணி வழியே வரும் வெயிற்கற்றையில் தூசிகள் ஓயாமல் ஆடுவதை நாம் காண்கிறோம் அன்றோ? அவ்வாட்டமே காற்றின் நடுக்கத்திற்குச் சான்று என்று அவர் கொண்டார்.

ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்குப்பின் புளூட்டார்க் எழுதிய விருந்துரையாடல்களிலும் இக்கேள்வி வருகிறது. ஏதென்ஸ் நகரில் ஒரு வீட்டில் நண்பர்கள் உணவருந்திக்கொண்டிருக்கையில், வெளியே மக்கள் எழுப்பிய கூச்சல் அவர்கள் காதில் விழுகிறது. அதிலிருந்து பேச்சுத் தொடங்கி, இரவு ஏன் பகலைவிட ஒலி மிகுந்ததாக இருக்கிறது என்ற விவாதமாக வளர்கிறது. அனக்சாகரஸின் கருத்தும் அங்கே எடுத்து ஆராயப்படுகிறது.

காற்று உண்மையிலேயே சீறுகிறது என்பதை இன்று எவரும் ஒப்பமாட்டார். எனினும் அப்பழைய விடையில் இரண்டு நல்ல எண்ணங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. வெயில் காற்றின் நிலையை மாற்றுகிறது என்பது ஒன்று. ஓர் ஒலி மற்றோர் ஒலியை மறைக்கக்கூடும் என்பது மற்றொன்று. பின்வந்தவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தனர்.

காற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்ட இடம் ஐரோப்பாவன்று. தென் அமெரிக்காவின் காடு. 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அலெக்சாந்தர் வான் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞரும், அவர் நண்பரான போன்பிளான் என்ற பிரெஞ்சுத் தாவர நூலாரும் இன்றைய வெனிசூலா நாட்டிலுள்ள ஓரினோக்கோ ஆற்றில் படகேறிச் சென்றனர். அவ்வாறு அதூரெஸ், மைப்பூரெஸ் என்னும் இடங்களில் பாறைகளின்மேல் மோதிப் பேரிரைச்சலுடன் பாய்கிறது. ஏறத்தாழ மூன்று மைலுக்கு அப்பாலிருந்த சமவெளியிலும் அவ்விரைச்சல் கேட்டது. அங்கே ஹம்போல்ட் ஒரு புதுமையைக் கவனித்தார். பகலில் கேட்பதைவிட இரவில் அவ்விரைச்சல் மும்மடங்கு பெரிதாகக் கேட்பதாக அவருக்குத் தோன்றியது.

நகரவாசிகள் இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுவர். இரவில் வண்டிகள் ஓடுவதில்லை, கடைத்தெரு அடங்கிவிடுகிறது, ஆகவே ஆற்றின் ஒலி எடுத்துக் கேட்கிறது என்பர். ஆனால் ஹம்போல்ட் நின்ற இடத்தில் வண்டியும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. அதுமட்டுமன்று. வெப்பநாட்டுக் காடுகளில் பகலைவிட இரவில்தான் ஆரவாரம் மிகுதி. பொழுது சாய்ந்ததும் ஆயிரக்கணக்கான பூச்சிகள் கத்தத் தொடங்கிவிடும். சுற்றுப்புறச் சந்தடி கூடியிருக்கும் வேளையிலேயே அருவியின் இரைச்சலும் கூடிக் கேட்கிறது. ஆகவே அமைதி இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று அவர் முடிவு செய்தார்.

அப்படியாயின் காரணம் யாது? ஹம்போல்ட் தரையைப் பார்த்தார். புல் அடர்ந்த சமவெளியில் இங்கும் அங்கும் மொட்டைப் பாறைகள் கிடந்தன. பகலில் பாறை மிகுதியாகவும் புல்தரை குறைவாகவும் சூடேறுகின்றன. ஆதலின் அவற்றின் மேலுள்ள காற்றும் ஒரே சீராக இல்லாமல், சூடான பகுதியும் குளிர்ந்த பகுதியுமாகத் திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்கிறது. அதன் வழியே செல்லும் ஒலியலை ஒவ்வொரு திட்டின் எல்லையிலும் சிறிது சிதறி வன்மை இழக்கிறது. இரவில் காற்று ஒரே சீராக அமைவதால் ஒலி சேதமின்றி வந்து சேர்கிறது. இந்த விளக்கத்தை அவர் 1820-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

இக்கருத்துக்கு இங்கிலாந்தின் கடற்கரையில் ஒரு சோதனை வாய்த்தது. மூடுபனியில் கலங்கரை விளக்கத்தின் ஒளி கப்பல்களுக்குத் தெரியாது. அப்பொழுது ஊதுகுழலும் பீரங்கியுமே மாலுமிகளுக்குத் துணை. அவற்றின் ஒலி எவ்வளவு தூரம் எட்டும் என்பது உயிரைப் பற்றிய கேள்வி. ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி 1873-ஆம் ஆண்டு மே மாதம் முதல் டோவர் நகருக்கு அருகிலுள்ள சவுத் போர்லாந்து முனையில் இதை ஆராய்ந்தார். ஜூலை 3-ஆம் நாள் கடல் அமைதியாக இருந்தது. வெயில் நன்றாகக் காய்ந்தது. வானம் தெளிவாக விளங்கியது. ஒலி வெகு தூரம் செல்லும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் இரண்டு மைல் தொலைவிலேயே பீரங்கியின் ஒலியும் குழலின் ஒலியும் கேட்கவில்லை. பின்னர் ஒரு மேகம் வந்து கதிரவனை மறைத்ததும் ஒலி மீண்டும் கேட்கத் தொடங்கியது; மாலையில் மேலும் பல மைல் தூரம் எட்டியது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் காற்று ஒலிக்குத் தெளிவாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒலியைத் தடுக்கும் ‘ஒலிமேகங்கள்’ அதில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கலாம் என்று டிண்டால் கூறினார்.

அதே காலத்தில் மான்செஸ்டரில் பணியாற்றிய ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் மற்றொரு காரணத்தைக் கண்டறிந்தார். ஒலி காற்றில் நேர்கோட்டிலேயே செல்லவேண்டும் என்பதில்லை. அது வளைந்தும் செல்லும் என்று 1874-இல் அவர் விளக்கினார். நீர் உறையும் வெப்பநிலையிலுள்ள காற்றில் ஒலி நொடிக்கு 331 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அவ்வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. மாணவர்கள் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து அணிவகுத்து நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வரிசையின் ஒரு முனையில் உள்ளவர்கள் விரைந்து நடந்தால், வரிசை முழுவதும் மெதுவாக நடப்பவர் பக்கம் திரும்பிவிடும். ஒலியலையும் அத்தகையதே. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் அலையின் அடிப்பகுதி விரைகிறது; அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. தெளிந்த, காற்று அடங்கிய இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. கீழ்க்காற்று குளிர்ந்தும் மேற்காற்று வெப்பமாகவும் இருக்கும். அப்பொழுது அலை கீழ்நோக்கி வளைந்து தரைக்குத் திரும்புகிறது. நெடுந்தொலைவிலுள்ள இரயிலின் ஊதலும் கோயில் மணியும் இரவில் வந்து சேர்வதற்கு இதுவே தலையாய காரணம்.

இதுவரை கூறியது காற்றின் பங்கு. காதின் பங்கு ஹம்போல்ட் ஒதுக்கிய இடத்திலேயே தேடுவாரற்றுக் கிடந்தது. அதை எடுத்து ஆராய்ந்தவர் அமெரிக்காவில் ஹோபோக்கன் நகரிலுள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் மேயர். 1876-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக்குத் துணைநின்ற கருவிகள் நம் வீட்டிலும் இருப்பவையே: ஒரு கடிகாரம், ஒரு கைக்கடிகாரம். பெரிய கடிகாரத்தின் ‘டிக்’ ஒலியும் சிறிய கடிகாரத்தின் ‘டிக்’ ஒலியும் மாறி மாறி விழும்பொழுது இரண்டும் கேட்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் விழும்பொழுது சிறியதன் ஒலி அடியோடு மறைந்துபோகிறது. சிறிய கடிகாரம் நிற்கவில்லை. அதன் ஒலியலை காதை வந்து அடையாமலும் இல்லை. வந்தும் அது உணரப்படுவதில்லை.

மேயர் அங்கே நின்றுவிடவில்லை. எல்லா ஒலியும் எல்லா ஒலியையும் மறைக்குமா என்று வினவினார். தாழ்ந்த சுருதியுள்ள ஒலி வன்மையாக இருந்தால், உயர்ந்த சுருதியுள்ள ஒலியை எளிதில் மறைத்துவிடுகிறது. ஆனால் உயர்ந்த சுருதியுள்ள ஒலி எவ்வளவு வன்மையுடன் ஒலித்தாலும், தாழ்ந்த சுருதியுள்ள ஒலியை மறைக்க வல்லதாக இல்லை என்று அவர் கண்டார். 1924-இல் பெல் தொலைபேசி ஆய்வாளர்களான வெகல், லேன் ஆகிய இருவரும் மின்கருவிகளைக்கொண்டு அளந்து, தாழ்ந்த சுருதி உயர்ந்ததை மிகுதியாக மறைக்கிறது என்ற உண்மையை உறுதி செய்தனர். 1940-இல் ஹார்வி பிளெச்சர் மேலும் ஒரு படி சென்று, ஓர் ஒலியை மறைப்பதில் அதன் சுருதிக்கு அண்மையிலுள்ள இரைச்சலுக்கே பெரும்பங்கு உண்டு என்று காட்டினார்.

இப்பொழுது ஓரினோக்கோ ஆற்றங்கரைக்குத் திரும்பிச் செல்வோம். பூச்சிகளின் கத்தல் உயர்ந்த சுருதியுடையது. சில்வண்டின் குரலைக் கேட்டவர் அனைவரும் இதை அறிவர். தொலைவிலிருந்து கேட்கும் அருவியின் முழக்கமோ தாழ்ந்த சுருதியுடையது. ஆகவே இரவெல்லாம் பூச்சிகள் எவ்வளவுதான் கத்தினாலும் அம்முழக்கத்தை அவற்றால் மூடிவிட முடியாது. சுற்றுப்புறச் சந்தடி இவ்வளவு இருந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. அஃது எந்தச் சுருதியில் இருந்தது என்றும் சொல்லவேண்டும். காட்டில் காற்றே காரணம் என்று ஹம்போல்ட் கொண்டது பொருத்தமானதே. ஆனால் அங்கே கண்டதை வைத்துக்கொண்டு, ஊரிலும் நகரிலும் அமைதிக்குப் பங்கில்லை என்று நாம் முடிவுகட்டிவிடலாகாது.

மறைத்தல் என்பது முழு மறைவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இரைச்சலுக்கிடையே ஓர் ஒலி கேட்டாலும், அது தன் இயல்பான வன்மையுடன் கேட்பதில்லை, சிறுத்துக் கேட்கிறது. இரைச்சலைவிட அது மிக உயர்ந்து நிற்கும்பொழுதுதான் தன் முழு வன்மையையும் பெறுகிறது. பகலிலும் விண்மீன்கள் வானில் இருக்கவே செய்கின்றன. கதிரவனின் ஒளி அவற்றை மறைத்துவிடுகிறது. மாலையில் ஒவ்வொன்றாக அவை வெளிப்படும்பொழுது புதிதாகப் பிறந்துவிட்டனவா? இல்லை. அவ்வாறே நள்ளிரவில் கேட்கும் குழாய்ச் சொட்டும் சுவர்க்கடிகாரமும் பகல் முழுவதும் ஒலித்துக்கொண்டேதான் இருந்தன.

இதை எண்ணால் அளக்க ஓர் அளவை வேண்டியிருந்தது. 1920-களில் பெல் நிறுவனத்தார் அதை வகுத்தனர். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் நினைவாக ‘டெசிபல்’ என்று அது பெயர் பெற்றது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும்; காதுக்கோ ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். அடுத்த வீட்டு வானொலியின் ஒலி நம் படுக்கையருகே 50 டெசிபல் என்று கொள்வோம். பகலில் தெருவின் இரைச்சல் 55 டெசிபலாக இருந்தால் அவ்வொலி அரைகுறையாகவே கேட்கும். இரவில் இரைச்சல் 30 டெசிபலாகக் குறைந்துவிட்டால், அதே வானொலி சுற்றுப்புறத்தைவிட 20 டெசிபல், அஃதாவது ஆற்றலில் நூறு மடங்கு உயர்ந்து நிற்கும். அவ்வீட்டார் வானொலியைச் சிறிதும் கூட்டவில்லை. ஆயினும் நம் தூக்கம் போய்விட்டது.

நகரம் முழுவதையும் இவ்வளவையால் அளக்கும் முயற்சி நியூயார்க்கில் நடந்தது. 1929-இல் அங்கே இரைச்சல் ஒழிப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கருவிகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று அளந்து, 1930-இல் அக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நகரின் சில இடங்களில் ஒரு வங்கப் புலி நின்று உறுமினாலும் வழிப்போக்கர் காதில் விழாது என்ற கருத்து அதில் காணப்படுகிறது! காட்டில் பல மைல் நடுங்கவைக்கும் உறுமல் நகரத் தெருவில் காணாமற்போகிறது என்றால், இரைச்சலின் மறைக்கும் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுமோ?

இதில் நம் குரலுக்கும் ஒரு பங்கு உண்டு. இரைச்சலுக்கிடையே பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகின்றனர் என்பதை 1911-இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக் கூறினார். பகலெல்லாம் உயர்த்திப் பேசிப் பழகிய குரல் இரவிலும் முழுதாக அடங்காமல் இருக்குமாயின், அடுத்த வீடுவரை கேட்பதில் வியப்பில்லை. பழமொழியின் எச்சரிக்கையும் இத்தகையோருக்கே பெரிதும் பயன்படும்.

காற்றின் பங்கையும் காதின் பங்கையும் பிரித்துக் காண, மாணவ நண்பர்களே, நீங்களே ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு கடிகாரத்தை மேசைமேல் வையுங்கள். பகலில் அதிலிருந்து விலகி நடந்து, எத்தனை அடி சென்றதும் அதன் ஒலி கேட்காமற்போகிறது என்று எண்ணுங்கள். அதே அறையில் நள்ளிரவிலும் அவ்வாறே எண்ணுங்கள். நான்கு சுவர்களுக்குள் அவ்வளவு குறுகிய தூரத்தில் ஒலி வளைவதற்கோ சிதறுவதற்கோ இடமில்லை. ஆகவே நீங்கள் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி சுற்றுப்புறச் சந்தடியால் வந்தது என்று கொள்ளலாம். ஒலிபரப்பு நிலையத்தில் பேச்சாளர் அமரும் அறையின் கனத்த கதவு இக்காரணத்திற்காகவே அமைந்தது. அங்கே யாரும் உரக்கப் பேச வேண்டியதில்லை. வெளிச்சந்தடியை விலக்கிவிட்டால் மெல்லிய குரலே போதும்.

இவ்வரலாற்றால் விளைந்த பயன் ஏட்டோடு நிற்கவில்லை, சட்டத்திலும் ஏறிவிட்டது. 1974-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், ஒரு நாளின் இரைச்சலைக் கணக்கிடும்பொழுது இரவு நேர அளவோடு 10 டெசிபல் கூட்டிக் கணக்கிடும் முறையை எடுத்தாண்டது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் எல்லையாக வகுத்தன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலங்களுக்கு அவ்வெல்லை பகலில் 50, இரவில் 40. பகலுக்கும் இரவுக்கும் இடையே 10 டெசிபல் குறைத்ததன் பொருள் யாது? பகலில் அனுமதித்த ஒலியாற்றலில் பத்தில் ஒரு பங்கையே இரவில் அனுமதிக்கலாம் என்பதாகும்.

நள்ளிரவில் ஒலிபெருக்கியை அலறவிட்டவரிடம் குறை சொன்னால், “பகலில் வைத்த அளவில்தானே வைத்திருக்கிறேன், அப்பொழுது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே” என்று அவர் விடை சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. பெருக்கியின் திருகு பகலில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அவ்வொலியைப் பகலில் போர்த்தியிருந்த ஊர்ச் சந்தடி விலகிவிட்டது. அத்துடன் குளிர்ந்த காற்று அவ்வொலியைத் தரையோடு வளைத்து, பகலில் எட்டாத வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நோயுற்றுக் கண்ணயரத் தவிக்கும் முதியவர், பால் குடித்து உறங்கும் குழந்தை, விடியற்காலை வேலைக்குச் செல்லவேண்டிய தொழிலாளி, மறுநாள் தேர்வு எழுதவேண்டிய மாணவன் ஆகிய எல்லோரும் அந்த எல்லைக்குள் இருக்கின்றனர்.

ஒலியின் வன்மை அதை எழுப்பும் கருவியில் மட்டும் இல்லை. அது செல்லும் காற்றிலும், அதைச் சூழ்ந்த அமைதியிலும், கேட்பவர் செவியிலும் இருக்கிறது. கருவி நம் கையில் இருக்கிறது. மற்றவை நம் வசத்தில் இல்லை. ஆதலின் பொழுது சாய்ந்தபின் திருகைக் குறைக்க வேண்டிய பொறுப்பு, கேட்பவரைச் சார்ந்ததன்று. ஒலியை எழுப்புகின்ற நம்மையே சார்ந்தது.